இதயத்தில் ஒரு குறுக்குப் பாதை

ஊவா மலைச்சாரலில் வீதிகள் நேராகச் செல்வதில்லை. வெல்லவாயவிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து கொஸ்லந்தவுக்கும், அங்கிருந்து பெரகலைக்கும் ஏறிச் செல்லும் பெருவீதி, மலையைச் சுற்றிச் சுற்றியே மேலேறுகின்றது. ஆனால், தோட்டத்து மக்கள் அந்த வீதி முழுவதையும் நடந்து தீர்ப்பதில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேராக ஏறும் ஒற்றையடிப் பாதை அவர்களுக்கு எப்போதும் உண்டு. குறுக்குப் பாதை என்று அதனைச் சொல்வார்கள். மனித இதயத்திலும் சிலருக்கு இத்தகைய குறுக்குப் பாதை ஒன்று பிறவியிலேயே அமைந்துவிடுகின்றது. அது மிக நுண்ணிய தசையிழைதான். எனினும், அதன் காரணமாக நல்ல உடல்நலமுள்ள ஒருவரின் இதயம் திடீரென்று தாளந் தவறி ஓடத் தொடங்கிவிடும்.

அந்த ஓட்டம் எப்படி வருகின்றது என்பதை முதலில் பார்க்கலாம். காலையில் மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள் ஓர் இளம்பெண். நோய் நொடி என்று படுத்தவள் அல்லள். கூடையை இறக்கக் குனிந்து நிமிர்ந்த கணத்தில், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது போன்ற உணர்ச்சி ஏற்படுகின்றது. மறுகணமே இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடிக்கத் தொடங்குகிறது. கழுத்து துடிக்கிறது, உடல் வியர்க்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்திலிருந்தவர்கள் அவளை அமர்த்தித் தண்ணீர் கொடுக்கிறார்கள். கால் மணி நேரத்தின் பின், விசையை அழுத்தி விளக்கை அணைத்தாற்போல, அந்த ஓட்டம் சட்டென்று நின்றுவிடுகின்றது. அவள் தோட்டத்து மருந்துச்சாலையை அடையும்போது நாடி சீராக இருக்கிறது. பயம் என்கிறார் ஒருவர். இரத்தக் குறைவு என்கிறார் வேறொருவர். காத்துக் கறுப்பு பட்டுவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் திருநீறு பூசுகிறார்கள். இவ்வாறே சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

தன்னைத் தானே மறைத்துக்கொள்வதுதான் இந்த நோயின் முதற் குணம். பார்க்க வேண்டியவர் பார்க்கும் வேளையில் அது இருப்பதில்லை. வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையே மலையும் மழையும் குறுக்கிடும் இடங்களில் அது இன்னும் எளிதாகத் தப்பிவிடுகின்றது. ஆனால், அதனைப் பிடிப்பதற்கு வழியுண்டு. பிடித்துவிட்டால், பெரும்பாலானோருக்கு முற்றாகவே நீக்குவதற்கும் வழியுண்டு. அவ்வழியை அறிய வேண்டுமாயின், இதயம் எவ்வாறு தாளம் பிடிக்கின்றது என்பதைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இருப்பவை இரண்டும் சோணையறைகள். கீழே இருப்பவை இரண்டும் இதயவறைகள். சோணையறைகள் இரத்தத்தை வாங்கிக் கீழே அனுப்புகின்றன. இதயவறைகள் அதனை நுரையீரலுக்கும் உடலுக்கும் செலுத்துகின்றன. இவ்வேலை ஒழுங்காக நடைபெற, மேலறைகள் முதலிலும் கீழறைகள் சற்றுப் பின்னரும் சுருங்க வேண்டும். இந்த ஒழுங்கை நடத்துவது மெல்லிய மின்னோட்டம். வலச் சோணையறையின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு கணுவில் அது பிறக்கின்றது. ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு அக்கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை கட்டளையிடும். பழைய நாட்களில் விடியற்காலையில் தப்பொலி எழுந்து தோட்டத்து மக்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது போல, ஒவ்வொரு துடிப்புக்கும் அக்கணுவே அழைப்பு விடுக்கின்றது.

அழைப்பு மேலறைகளில் பரவியபின் கீழறைகளுக்கு இறங்க வேண்டும். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையில் நார்த்தன்மையான ஒரு தடுப்பு உண்டு. மின்சாரம் அதனூடு பாயாது. அத்தடுப்பில் ஒரேயொரு வாயில் மட்டும் அமைந்திருக்கிறது. அங்கே காவலாளி போல மற்றொரு கணு இருக்கின்றது. ஜேர்மனியின் மார்பேர்க் நகரில் ஆராய்ச்சி செய்த ஜப்பானிய அறிஞர் சுனாவோ தவாரா, 1906 ஆம் ஆண்டில் இந்தக் காவற் கணுவை விளக்கினார். மேலே பிறப்புக் கணு இருக்கும் இடத்தை, அடுத்த ஆண்டில், இங்கிலாந்தில் பணியாற்றிய ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகிய இருவரும் கண்டறிந்தனர்.

காவற் கணு தன்னிடம் வரும் மின்னோட்டத்தை உடனே விட்டுவிடுவதில்லை. ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு நேரம் தாமதிக்கச் செய்தே கீழே அனுப்புகிறது. அந்தச் சிறு தாமதத்தில் மேலறைகளின் இரத்தம் கீழறைகளில் நிரம்பிவிடுகின்றது. மேலும், மேலேயிருந்து அளவுக்கு மீறி அழைப்புகள் வருமாயின், அவற்றுள் ஒரு பகுதியையே இக்கணு கீழே செல்ல விடும். ஆகவே தாமதிப்பதும் தடுப்பதும் இக்கணுவின் குறைகள் அல்ல. உயிரைக் காக்கும் பணிகளே அவை.

இனிக் குறுக்குப் பாதைக்கு வரலாம். தாயின் வயிற்றில் இதயம் உருவாகும் தொடக்கக் காலத்தில், மேலறைகளின் தசையும் கீழறைகளின் தசையும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருக்கும். பின்னர் நார்த்தடுப்பு வளர்ந்து அவற்றைப் பிரிக்கின்றது. சிலருக்கு அந்தப் பிரிவு முழுமை பெறாமல், ஒரு சிறு தசையிழை அறுபடாது எஞ்சிவிடுகின்றது. அதுவே குறுக்குப் பாதை. இதில் காவலாளி இல்லை, தாமதமும் இல்லை. இதன் அடையாளம் இதயத்தின் மின்பதிவில் ஆயிரம் பேருக்கு 1 முதல் 3 பேர் வரையில் காணப்படுகின்றது. அவர்களிற் பலர் வாழ்நாள் முழுவதும் எவ்வித இடரும் இன்றி இருப்பதும் உண்டு. பெரும்பாலானோருக்கு இது பரம்பரையாக வருவதன்று. பெற்றோர் செய்த எந்தப் பிழையாலும் வருவதன்று.

பாதை இருப்பதால் மட்டும் இதயம் ஓடத் தொடங்குவதில்லை. சற்று முந்திப் பிறக்கும் ஒரு துடிப்பே பெரும்பாலும் ஓட்டத்தைத் தொடக்கி வைக்கின்றது. அத்துடிப்பு கீழே இறங்க வரும்போது, குறுக்குப் பாதை முந்திய துடிப்பின் களைப்பிலிருந்து மீளாதிருக்கலாம். ஆகவே அது பெருவீதியாகிய காவற் கணு வழியாகவே இறங்குகின்றது. கீழே வந்து சேர்வதற்குள் குறுக்குப் பாதை களைப்புத் தீர்ந்துவிடுகிறது. உடனே மின்னோட்டம் அதன் வழியே மேலறைக்கு ஏறிவிடுகின்றது. ஏறியது மறுபடியும் பெருவீதியால் இறங்குகின்றது. வீதியால் இறங்கிக் குறுக்கால் ஏறி, மீண்டும் வீதியால் இறங்கும் ஒருவனைப் போல அது சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கு ஆகுமாயின், நிமிடத்துக்கு 180 துடிப்புகள் ஆகிவிடும். இந்நோயில் துடிப்பு நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை இருக்கலாம். சுற்று எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால், ஓட்டமும் அந்தக் கணமே நின்றுவிடும். இந்நோய் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிவதன் காரணம் இதுதான்.

விலங்குகளின் இதயத் தசையிலிருந்து வளையமாக வெட்டியெடுத்த துண்டுகளில் மின்னோட்டம் இவ்வாறு சுற்றிவருவதை, கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜார்ஜ் மைன்ஸ் என்ற இளம் அறிஞர் 1913 ஆம் ஆண்டளவில் காட்டினார். நோயாளரிடத்தில் இதன் அடையாளத்தைத் தெளிவாக எடுத்துரைத்தவர்கள் லூயிஸ் வுல்ஃப், ஜோன் பார்க்கின்சன், போல் வைட் என்ற மூன்று வைத்தியர்கள். பார்க்கின்சன் இலண்டனைச் சேர்ந்தவர். மற்றை இருவரும் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தவர். வேறு நோயின்றி, திடீர் ஓட்டத்தால் மட்டும் வருந்திய 11 பேரின் மின்பதிவுகளை அவர்கள் 1930 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இந்நோய் இன்றும் அம்மூவரின் பெயராலேயே வழங்குகின்றது.

அவர்களுக்குத் துணைநின்ற கருவி, ஹொலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன் உருவாக்கிய மின்பதிவுக் கருவி. 1924 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அக்கருவியின் வழிவந்ததே இன்று வைத்தியசாலைகளில் ஈ.சி.ஜி. எனப்படுவது. அதன் கட்டமிட்ட தாளில் ஒரு சிறு கட்டம் ஒரு விநாடியின் நூற்றில் நான்கு பங்கைக் குறிக்கும். மேலறையின் அலை தொடங்கிய இடத்திலிருந்து கீழறையின் அலை தொடங்குமிடம் வரை, வளர்ந்தோருக்கு இயல்பாக 3 முதல் 5 சிறு கட்டங்கள் இருக்கும். குறுக்குப் பாதை உள்ளவரிடத்தில் அவ்விடைவெளி 3 கட்டத்துக்கும் குறைந்துவிடும். கீழறையின் அலையும் செங்குத்தாக எழாது, மலையடிவாரம் போலச் சரிந்து எழும்.

இங்கே மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த அடையாளம் ஓட்டம் இல்லாத அமைதியான வேளையிலும் தாளில் தெரியும். நோய் ஓடி மறைந்துவிட்டாலும், அது நடந்துபோன தடத்தைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். "இப்போது ஒன்றும் இல்லையே, ஒரு நாட் பேரை இழந்து எதற்காகப் போக வேண்டும்?" என்று தோட்டத் தொழிலாளி எண்ணுவது இயல்பே. ஆனால், ஒன்றும் இல்லாத நாளில் எடுத்த பதிவும் பயன் தருவதே. எனினும், சிலருடைய குறுக்குப் பாதை கீழிருந்து மேலே மட்டுமே மின்னோட்டத்தை விடும். அவர்களின் பதிவு அமைதியான வேளையில் குறையற்றதாகவே தோன்றும். காவற் கணுவுக்குள்ளேயே இரு வழிகள் அமைந்து, அதனால் ஓட்டம் வருவோரும் பலர். அவர்களின் பதிவும் அவ்வாறே. ஆகையால், பதிவு சரியாயிருந்தும் ஓட்டம் திரும்பத் திரும்ப வருமாயின், ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்திவிடலாகாது. ஓட்டம் நடக்கும் வேளையிலேயே ஒரு பதிவு எடுக்க முயல வேண்டும்.

நெஞ்சு படபடப்பதெல்லாம் இந்நோய் அன்று. இரத்தச் சோகை, காய்ச்சல், தைரொயிட்டுச் சுரப்பின் மிகுதி, உடலில் நீர் குறைதல் ஆகியவற்றாலும் இதயம் விரையும். அச்சத்தாலும் விரையும். 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை அறிந்த மக்களுக்கு, கனத்த மழை இரவில் நெஞ்சு அடித்துக்கொண்டால் அதில் வியப்பில்லை. அந்தப் படபடப்பும் உண்மையானது; ஆறுதலும் உதவியும் வேண்டுவது. ஆனால், அச்சத்தாலும் காய்ச்சலாலும் வரும் வேகம் படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். குறுக்குப் பாதையால் வருவதோ ஒரே துடிப்பில் தொடங்கி, ஒரே துடிப்பில் முடிந்துவிடும். ஓடும் இதயமே அச்சத்தைத் தருவதும் உண்டு. ஆகவே, எது முந்தி வந்தது, அச்சமா ஓட்டமா என்று கேட்டறிதல் வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேளாமல் "பயந்த சுபாவம்" என்று ஒதுக்கப்பட்டவர்களுள் பெண்களே மிகுதி.

ஓட்டம் வரும்போது உடனிருப்பவர் செய்யக்கூடிய முதல் உதவி நாடியை எண்ணுவது. மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக இரு விரல்களை வைத்து, 15 விநாடிகளில் எத்தனை துடிப்பு என்று எண்ணி, அதனை 4 ஆற் பெருக்க வேண்டும். கைக்கு எட்டாத வேகமாயின், நெஞ்சின் இடப்புறத்தில் கையை வைத்து எண்ணலாம். எத்தனை துடிப்பு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, சீராக அடித்ததா ஒழுங்கின்றி அடித்ததா என்ற நான்கையும் ஒரு தாளிற் குறித்து வைத்தல் நன்று. வைத்தியருக்கு அக்குறிப்பு பெரிதும் உதவும்.

சுற்றை அறுப்பதற்கு எளிய முறைகளும் உண்டு. மூச்சை அடக்கி முக்குவதாலும், முகத்திற் குளிர்ந்த நீர் படுவதாலும் ஒரு நரம்பு தூண்டப்பட்டுக் காவற் கணு கணநேரம் அடங்குகின்றது, சுற்று அறுகின்றது. மயங்கியவர் முகத்தில் பீலித் தண்ணீரைத் தெளிப்பது மலைநாட்டில் பழக்கம். ஆனால், இந்த ஓட்டத்துக்கு அதனைவிட மேலானதென்று ஆராய்ந்து காட்டப்பட்ட முறை வேறொன்று. நோயாளி சாய்ந்து அமர்ந்து, 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் ஒன்றின் முனையில், அதன் தண்டு மெல்ல அசையுமளவுக்கு 15 விநாடி ஊதவேண்டும். உடனே அவரை மட்டமாகக் கிடத்தி, கால்களைச் சரிவாக உயர்த்தி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், இம்முறை நூற்றுக்கு 43 பேரின் ஓட்டத்தை நிறுத்தியது. கால்களை உயர்த்தாத பழைய முறையோ 17 பேருடையதை மட்டுமே நிறுத்தியது. நோயின்னதென்று அறியப்பட்டபின், வைத்தியரிடம் ஒருமுறை நேரிற் கற்றுக்கொண்டு இதனைச் செய்யலாம். கழுத்தை அழுத்துவதும் கண்ணை அழுத்துவதும் ஆகா. வைத்தியசாலையில் அடினோசின் என்ற மருந்தை நாளத்தில் விரைந்து ஏற்றினால், பெரும்பாலும் சில விநாடிகளில் ஓட்டம் நின்றுவிடும்.

சிலரிடத்தில் இந்நோய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் மறைத்தல் கூடாது. சில வேளைகளில் மேலறைகள் ஒழுங்கு முற்றும் கெட்டு, நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட அழைப்புகளை எழுப்பும். சாதாரணமானவரின் காவற் கணு அவற்றுட் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். குறுக்குப் பாதையிலோ காவல் இல்லை. விரைந்து கடத்தும் பாதையாயின், அந்தக் குழப்பம் அப்படியே கீழறைகளில் இறங்கிவிடும். இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கவும் கூடும். இது அரிதாகவே நிகழ்கின்றது. ஆனாலும், ஒழுங்கற்ற மிகு வேகம், மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் காத்திருத்தல் ஆகாது. இந்நிலையில் வெரப்பமில், டிகொக்சின் போன்ற மருந்துகள் தீங்கு விளைக்கும். அவை காவற் கணுவைக் கட்டிப்போட்டு, குறுக்குப் பாதைக்கே இடங்கொடுத்துவிடும். இதனாலேயே பழைய மின்பதிவுத் தாள் நோயாளியோடு செல்ல வேண்டியதாகின்றது. நள்ளிரவில் முன்பின் அறியாத வைத்தியர் ஒருவர் பார்க்க நேர்ந்தால், எந்த மருந்தை விலக்க வேண்டும் என்று அந்தத் தாளே அவருக்குச் சொல்லிவிடும்.

நிலையான தீர்வு எப்படி வந்தது? 1968 மே மாதத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், வில் சீலி என்ற சத்திர வைத்தியர் ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து, குறுக்குப் பாதையை அறுத்து வெற்றி கண்டார். நோயின் வேர் ஒரு சிறு இழையே என்பது அன்று ஐயமற விளங்கிற்று. இன்று அதற்காக நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடைமடிப்பிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிக்குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, பாதை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பின்னர், கம்பியின் முனையில் வானொலி அலைவரிசையைச் சேர்ந்த மின்னோட்டத்தைச் செலுத்தி, சில மில்லிமீற்றர் அளவான இடத்தைச் சுட்டுவிடுகிறார்கள். பேச்சையும் பாட்டையும் சுமந்து வரும் அலையின் இனமே இங்கு மருந்தாகின்றது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் வாரன் ஜக்மனும் உடன் பணியாற்றியோரும் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், 166 நோயாளரில் 164 பேருக்கு இவ்வாறு பாதை நீக்கப்பட்டதாகக் கூறினர். சிலருக்குப் பாதை மீண்டும் உயிர்பெற்று, இரண்டாம் முறை செய்ய நேரலாம். பாதை காவற் கணுவுக்கு மிக அருகில் இருந்தால், அக்கணுவும் ஊறுபடும் அபாயம் சிறிதளவு உண்டு. இவற்றையெல்லாம் வைத்தியர் முன்னரே எடுத்துரைத்து, நோயாளியின் சம்மதத்தைப் பெறுவார்.

இலங்கையில் இந்தச் சிகிச்சை கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் செய்யப்படுகின்றது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. முறை வரும்வரை காத்திருக்க நேரலாம். கொஸ்லந்தவிலிருந்து கொழும்பு தொலைவுதான். ஆனால், அந்தப் பயணத்தின் முதற்படி அருகிலேயே இருக்கின்றது. தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் குறிப்பைக் காட்டுதல் ஒன்று. கொஸ்லந்த வைத்தியசாலையிலோ தியத்தலாவை வைத்தியசாலையிலோ ஈ.சி.ஜி. எடுத்துத் தருமாறு கேட்டல் இரண்டு. பதுளையில் இதய வைத்தியரிடம் அனுப்புமாறு வேண்டுதல் மூன்று. அவசர வேளையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் ஊர்தி வரும். 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை பின்னர் மற்றை மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

சரிவான மலையில் கூடை சுமந்து நிற்பவருக்குக் கணநேர மயக்கமும் ஆபத்தானதே. ஆகவே, திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் ஓட்டத்தை உடையவர், நோய் இன்னதென்று தெரியும் வரை தனியாக மலைக்குச் செல்லாதிருப்பது நலம். வீட்டாரும் அதனைக் காத்துக் கறுப்பு என்றோ, வேலைக்குப் போக மனமில்லாதவர் சொல்லும் சாக்கு என்றோ தள்ளிவிடாதிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மழையில் நனையாமல் பாதுகாக்கும் அதே பையில், அந்தக் கட்டமிட்ட மின்பதிவுத் தாளுக்கும் ஓர் இடம் கொடுத்துவைக்கலாம். நின்றுபோன ஓட்டத்துக்கு அதுவே சாட்சி.